இருவரும் சேர்ந்து சிரிக்க ஒரு தொடர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலையெல்லாம் முடிந்து கணவனும் மனைவியும் ஓய்ந்து உட்காரும்போது கையில் மிஞ்சுவது அரை மணி நேரம். அதில் பாதி, எதைப் பார்ப்பது என்று தேடுவதிலேயே போய்விடுகிறது. நானும் என் மனைவியும் பல வருடங்களாக அந்த அரை மணியில் நகைச்சுவைத் தொடர்தான் பார்த்து வருகிறோம். சில தொடர்கள் எங்கள் வீட்டுப் பேச்சிலேயே கலந்துவிட்டன. பலவற்றை இரண்டாம் நாளே விட்டுவிட்டோம். நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

நகைச்சுவைதான் பார்க்க வேண்டுமா? துப்பறியும் தொடர் பார்த்தால் ஆகாதா?

தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் துப்பறியும் தொடரின் முன்னால் இருவர் உட்கார்ந்தாலும் தனித்தனியாகத்தான் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் கொலைகாரன் யார் என்று மனதுக்குள் கணக்குப் போடுவார், இன்னொருவர் "கொஞ்சம் பேசாமல் இரேன்" என்பார். சிரிப்புக்குத் துணை வேண்டும். ராபர்ட் புரோவைன் என்ற அமெரிக்க உளவியலாளர் மனிதர்கள் எப்போது சிரிக்கிறார்கள் என்று வருடக்கணக்கில் கவனித்தவர். தனியாக இருக்கும்போது சிரிப்பதைப் போல ஏறத்தாழ 30 மடங்கு, பிறரோடு இருக்கும்போது சிரிக்கிறோம் என்று அவர் கண்டார். அன்றாடப் பேச்சில் எழும் சிரிப்பில் பெரும்பகுதி எந்த நகைச்சுவைத் துணுக்குக்கும் பதிலாக வருவதில்லை என்பதும் அவருடைய கண்டுபிடிப்புதான்.

தனியாகப் பார்த்தபோது புன்னகையோடு கடந்துபோன காட்சிக்கு, துணையோடு பார்க்கும்போது வாய்விட்டுச் சிரிப்பது இதனால்தான். ஆகவே 'உலகின் மிகச் சிறந்த நகைச்சுவைத் தொடர் எது' என்று தேடாதீர்கள். உங்கள் இருவருக்கும் ஒரே நொடியில் சிரிப்பு வரவழைக்கும் தொடர் எது என்று தேடுங்கள். இந்த இரண்டு தேடல்களுக்கும் விடை பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை.

நீளமும் ஒரு காரணம். அமெரிக்க வணிகத் தொலைக்காட்சிக்காக எடுத்த அரை மணித் தொடர்களில் விளம்பரம் போக எஞ்சுவது சுமார் 22 நிமிடம். விளம்பரமே இல்லாத பிபிசியின் தொடர்கள் 30 நிமிடத்தை நெருங்கும். எவ்வளவு களைத்த நாளானாலும் 22 நிமிடம் கண் விழித்திருக்க முடியும்.

தேடத் தொடங்கினால் தலை சுற்றுகிறது. எங்கிருந்து தொடங்குவது?

இரவில் திரையின் முன்னால் உட்கார்ந்துகொண்டு தேர்ந்தெடுக்காதீர்கள். நான் உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்று இது. களைப்பில் இருப்பவருக்கு எந்தப் படத்தைப் பார்த்தாலும் 'வேண்டாம்' என்றுதான் தோன்றும். டிரெய்லர் மேல் டிரெய்லராகப் பார்த்துவிட்டு, கடைசியில் ஏற்கெனவே நான்கு முறை பார்த்ததையே போட்டுவிட்டுத் தூங்கப் போவீர்கள்.

எங்கள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. யாராவது ஒரு தொடரைப் பற்றி நல்லபடியாகச் சொன்னால் உடனே அதில் எழுதிவிடுவோம், சொன்னவர் பெயரோடு. ஒரு தொடர் முடிந்ததும், ஒருவர் அந்தத் தாளிலிருந்து மூன்று பெயர்களைச் சொல்ல வேண்டும், மற்றவர் அவற்றில் ஒன்றை எடுக்க வேண்டும். அடுத்த முறை இது மாறும். முப்பது பெயர்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது தண்டனை, மூன்றில் ஒன்றை எடுப்பது எளிது. ஓடிடி தளங்களில் தொடர்கள் வருவதும் போவதுமாக இருப்பதால், பெயரைத் தேர்ந்ததும் அது இப்போது எங்கே கிடைக்கிறது என்று பகலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் இருவர் ரசனையும் எதிரும் புதிரும். ஒருவருக்குச் சிரிப்பு வருவது மற்றவருக்கு எரிச்சலாக இருக்கிறது. என்ன செய்வது?

அதிகம் பேர் கேட்கும் கேள்வி இது. 'எனக்கு நகைச்சுவை பிடிக்கும், அவருக்குப் பிடிக்காது' என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் இருவருக்குமே பிடிக்கிறது. எந்த விதமான நகைச்சுவை என்பதில்தான் வேறுபாடு.

சங்கடத்திலிருந்து பிறக்கும் நகைச்சுவை ஒரு வகை. 2001இல் பிபிசியில் தொடங்கிய 'தி ஆஃபீஸ்' இதற்குப் பெயர்போனது. தன்னை எல்லோரும் ரசிப்பதாக நம்பும் ஒரு மேலாளர், ஊழியர்கள் நடுவில் திடீரென்று நடனமாடத் தொடங்கும் காட்சி அதில் வருகிறது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். திரும்பிப் பார்த்தால் என் மனைவி தலையணையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டிருந்தார். "முடிந்துவிட்டதா, முடிந்துவிட்டதா?" என்று தலையணைக்குள்ளிருந்து கேட்டார். எனக்குச் சிரிப்பாக இருந்த அதே காட்சி அவருக்கு வலித்தது. அந்த மனிதரின் அவமானத்தை அவர் தன் அவமானமாக உணர்ந்துகொண்டிருந்தார். இது ரசனைக் குறைவு இல்லை, இரக்கம் மிகுந்தவர்களுக்கு இந்த வகை ஒத்துவராது. அன்றே அந்தத் தொடரை நிறுத்திவிட்டோம். மீதியை நான் தனியாகப் பார்த்து முடித்தேன்.

குழப்பத்தின் மேல் குழப்பம் ஏறி, கடைசியில் எல்லாம் ஒருசேர இடிந்து விழும் நகைச்சுவை இன்னொன்று. 'ஃபால்டி டவர்ஸ்' அந்த வகை. ஒருவர் பேசி முடிப்பதற்குள் அடுத்த வசனம் வந்து விழும் அதிவேகத் தொடர்களும் உண்டு. களைத்த இரவில் இவை காதில் ஏறாது, விடுமுறை நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாத்திரங்கள் ஒருவரை ஒருவர் மெல்ல நேசிக்கத் தொடங்குவதைப் பார்த்துச் சிரிப்பது வேறொன்று. 'ஷிட்ஸ் கிரீக்', 'பார்க்ஸ் அண்ட் ரிக்ரியேஷன்' போன்றவை இதில் சேரும்.

உங்களுக்கு எந்த வகை பிடிக்கும் என்று நேரடியாகக் கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது. "கண்ணில் நீர் வரும்வரை கடைசியாக எப்போது சிரித்தாய்?" என்று கேளுங்கள். அது தொடராக இருக்க வேண்டியதில்லை, உறவினர் ஒருவர் செய்த காரியமாகக்கூட இருக்கலாம். அந்தச் சம்பவத்தில் யாராவது அவமானப்பட்டார்களா, யாராவது ஏமாற்றினார்களா, பேச்சா, செயலா என்று பாருங்கள். வகை தானாகப் பிடிபடும்.

இருவருக்கும் ரத்து செய்யும் உரிமை இருக்கட்டும். ஒருவர் 'இது எனக்கு வேண்டாம்' என்றால் அத்தோடு முடிந்தது, காரணம் கேட்கக் கூடாது. சிரிப்பு வரவில்லை என்பதற்கு வாதம் செய்து சிரிப்பை வரவழைத்தவர் உலகில் எவரும் இல்லை.

எத்தனை எபிசோடு பார்த்த பிறகு விட்டுவிடலாம்?

எங்கள் கணக்கு நான்கு. முதல் எபிசோடை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். பாத்திரங்களை அறிமுகம் செய்யும் பொறுப்பு அதற்கு இருக்கிறது, சிரிக்க வைக்க நேரம் போதாது. நகைச்சுவைத் தொடரில் நமக்குச் சிரிப்பு வருவது பெரும்பாலும் அந்த மனிதரைத் தெரிந்துகொண்ட பிறகுதான். 'இவர் இப்போது என்ன சொல்லப் போகிறார்' என்று நமக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும், அவர் அதையே சொல்ல வேண்டும், அல்லது அதற்கு நேர்மாறாகச் சொல்ல வேண்டும். இதற்குப் பழக்கம் வேண்டும்.

வரலாறும் இதைத்தான் சொல்கிறது. 'சைன்ஃபெல்டு' தொடரின் முதல் எபிசோடு 1989இல் ஒளிபரப்பானது. முன்னோட்டமாகப் பார்த்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. அதை ஒளிபரப்பிய என்பிசி தொலைக்காட்சி தயங்கித் தயங்கி இன்னும் நான்கே நான்கு எபிசோடுகளுக்கு மட்டும் அனுமதி கொடுத்தது. அதே தொடர் 1998இல் முடிந்தபோது அமெரிக்காவில் அந்த சீசனில் மிக அதிகமானோர் பார்த்த தொடராக இருந்தது. பிபிசி தொடரைத் தழுவி எடுத்த அமெரிக்க 'தி ஆஃபீஸ்', 'பார்க்ஸ் அண்ட் ரிக்ரியேஷன்' இரண்டுக்கும் முதல் சீசன் ஆறே எபிசோடுகள்தான், இரண்டுமே இரண்டாம் சீசனில்தான் தங்கள் நடையைக் கண்டுகொண்டன. பிரிட்டனின் 'பிளாக்ஆடர்' இன்னும் தெளிவான உதாரணம். 1983இல் வந்த முதல் சீசனில் கதாநாயகன் ஒரு முட்டாள். 1986இல் இரண்டாம் சீசன் வந்தபோது எழுத்தாளர் குழுவில் பென் எல்டன் சேர்ந்தார், செலவு மிகுந்த வெளிப்புறப் படப்பிடிப்பு குறைந்தது, கதாநாயகன் கூர்மையான புத்திசாலியாக மாறினான். தொடருக்குப் புகழ் தேடித் தந்தவன் அந்தப் புத்திசாலிதான்.

ஆனால் நான்கு எபிசோடிலும் இருவரில் ஒருவருக்கு ஒரு முறைகூடச் சிரிப்பு வரவில்லை என்றால், 'போகப் போக நன்றாக இருக்கும்' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அரை மணி நேரம் உங்களுடையது.

முதல் சீசன் சுமார் என்றால் நேராக இரண்டாவதிலிருந்து தொடங்கலாமா?

சில தொடர்களில் தாராளமாக. 'பிளாக்ஆடர்' ஒவ்வொரு சீசனும் வெவ்வேறு நூற்றாண்டில் நடப்பதால் இரண்டாவதிலிருந்து பார்த்தால் எதுவும் புரியாமல் போகாது. 'பார்க்ஸ் அண்ட் ரிக்ரியேஷன்' கூட அப்படித்தான். 'தி குட் பிளேஸ்' போன்ற தொடரில் மட்டும் ஒரு எபிசோடைக்கூடத் தாண்டாதீர்கள், அதைப் பற்றி யாரிடமும் எதுவும் கேட்காதீர்கள், இணையத்தில் தேடவும் வேண்டாம்.

ஒரு தொடர் எங்களுக்கானதுதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மறுநாள் தெரியும். பார்க்கும்போது எவ்வளவு சிரித்தீர்கள் என்பதைவிட, அடுத்த நாள் அந்தத் தொடர் உங்கள் வீட்டுக்குள் எங்காவது தலை காட்டியதா என்று பாருங்கள்.

அமெரிக்க 'தி ஆஃபீஸ்' ஆவணப்படம் போல எடுக்கப்பட்டது. அலுவலகத்தில் யாராவது அபத்தமாகப் பேசினால், பக்கத்தில் இருக்கும் பாத்திரம் ஒன்றும் சொல்லாமல் கேமராவை ஒரு பார்வை பார்க்கும். பிரிட்டிஷ் தொடரில் முகத்தை மூடிக்கொண்ட என் மனைவிக்கு, இரண்டாம் சீசனுக்குப் பின் கனிவு கூடிய இந்த வடிவம் பிடித்துப்போனது. அதைப் பார்க்கத் தொடங்கிய வாரத்தில் ஒரு நாள் அவர் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். எதிர்முனையில் இருந்தவர் ஒரே விஷயத்தை நான்காவது முறையாகச் சொல்லத் தொடங்கியிருந்தார். என் மனைவி "ஆமாம், ஆமாம்" என்று சொல்லிக்கொண்டே, கைப்பேசி காதில் இருக்க, மெல்லத் தலையைத் திருப்பிச் சுவரின் மேல் மூலையைப் பார்த்தார். அங்கே ஒரு கேமரா இருப்பது போல. முகத்தில் ஒரு சலனமும் இல்லை. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு அடுத்த அறைக்குள் ஓடிவிட்டார்.

அந்தத் தொடரை முடித்துப் பல வருடங்கள் ஆகின்றன. அந்தப் பார்வை இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. கூட்டம் நிறைந்த இடத்தில்கூட ஒரு வார்த்தை பேசாமல் அவர் என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிடும். ஒரு தொடரிலிருந்து கணவனும் மனைவியும் எடுத்துக்கொள்ளக் கூடியவற்றில் இதைவிடப் பெரியதாக எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

பின்னணியில் கேட்கும் சிரிப்பொலி எரிச்சலூட்டுகிறது. அதற்காகவே பழைய தொடர்களைத் தவிர்க்கிறோம். சரிதானா?

சிரிப்பொலி எல்லாம் ஒன்றல்ல. உண்மையான பார்வையாளர்களை அரங்கில் உட்கார வைத்து, பல கேமராக்களால் நாடகம் போலப் படம்பிடித்த தொடர்களில் கேட்பது அந்த மனிதர்களின் சிரிப்பு. 1951இல் தொடங்கிய 'ஐ லவ் லூசி' இந்த முறைக்குப் பாதை போட்டது. 'சைன்ஃபெல்டு', 'ஃப்ரெண்ட்ஸ்' எல்லாம் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவை. இரண்டாவது வகை, ஒலிப்பதிவிலிருந்து எடுத்து ஒட்டிய சிரிப்பு. சார்லி டக்ளஸ் என்ற ஒலிப்பொறியாளர் 1950களில் இதற்கென்றே ஒரு இயந்திரம் செய்தார். விசையை அழுத்தினால் வேண்டிய அளவு சிரிப்பு வரும்.

இந்த இரண்டாம் வகையைப் படைப்பாளிகளே வெறுத்ததுண்டு. கொரியப் போரின் களமருத்துவமனையில் நடக்கும் 'மேஷ்' தொடருக்கு (1972–1983) சிரிப்பொலி கட்டாயமாகச் சேர்க்கப்பட்டது. அறுவை சிகிச்சை அறைக் காட்சிகளில் மட்டும் அது கூடாது என்று தயாரிப்பாளர்கள் விடாப்பிடியாக நின்று சாதித்தார்கள். பிபிசி அதே தொடரைச் சிரிப்பொலி இல்லாமலே ஒளிபரப்பியது.

அரங்கச் சிரிப்பு உள்ள தொடரை மூன்று நாள் பொறுத்துப் பாருங்கள், காது பழகிவிடும். நடிகர்கள் அந்தச் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து அடுத்த வசனத்தைச் சொல்வதைக் கவனித்தால் அதுவே ஓர் அழகு. ஒட்டிய சிரிப்பு பழகவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

வேற்று மொழித் தொடர்களை மொழிமாற்றிப் பார்ப்பதா, சப்டைட்டிலோடு பார்ப்பதா?

சப்டைட்டில். நகைச்சுவையில் பாதி, குரல் எங்கே நிற்கிறது, எங்கே உயர்கிறது என்பதில் இருக்கிறது. மொழி தெரிந்தாலும்கூட, வட அயர்லாந்தின் உச்சரிப்பில் விரைந்து பேசும் 'டெரி கேர்ள்ஸ்' போன்ற தொடருக்கு ஆங்கில எழுத்துகளை ஓட விடுவதில் தவறே இல்லை.

நான் தூங்கிவிட்டால் அவர் தொடர்ந்து பார்த்துவிடுகிறார். இது சரியா?

சரியில்லை. வெளிப்படையாகச் சொல்கிறேன், நானும் ஒரு முறை செய்திருக்கிறேன். வேலை நிமித்தமாக வெளியூரில் தங்கியபோது, நாங்கள் சேர்ந்து பார்த்துவந்த தொடரில் அடுத்த இரண்டு எபிசோடுகளைத் தனியாகப் பார்த்துவிட்டேன். வீட்டுக்கு வந்து ஒன்றும் தெரியாதவன் போல அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பத்தாவது நிமிடத்தில் என் மனைவி ரிமோட்டை எடுத்து நிறுத்தினார். "பார்த்துவிட்டீர்களா?" என்று கேட்டார். நகைச்சுவை வருவதற்குக் கால் நொடி முன்பே என் சிரிப்பு வந்துவிட்டதாம். கோபம் இல்லை அவருக்கு, முகம் வாடிப்போனது. அந்த இரண்டு எபிசோடுகளும் எங்கள் வீட்டில் இன்றுவரை ஒழுங்காகச் சிரித்துப் பார்க்கப்படவில்லை.

ஆகவே சேர்ந்து பார்க்கும் தொடர் என்றால் சேர்ந்துதான். தனியாகப் பார்க்க வேறொன்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த எபிசோடு தானாக ஓடும் வசதியை அமைப்புகளில் அணைத்துவிடுங்கள். ஒருவர் கண் அயர்ந்தால் மற்றவர் அந்த இடத்திலேயே நிறுத்திவிடலாம்.

கணவன் மனைவியைப் பற்றிய தொடர் பார்க்கலாமா? நம் சண்டையே திரையில் ஓடினால்?

பாருங்கள், ஆனால் சண்டை போட்ட நாளில் வேண்டாம். தமிழில் 'ரமணி வெர்சஸ் ரமணி' இதற்கு நல்ல தொடக்கம். நாகா இயக்கியது, கணவன் மனைவி இருவருக்குமே ரமணி என்று பெயர், அன்றாடச் சிறு பூசல்கள்தான் கதை. பிரிட்டனின் 'கேட்டாஸ்ட்ரோஃபி' இதைவிடக் காரமானது, பெரியவர்களுக்கானது. நான்கு சீசன்கள், ஒவ்வொன்றும் ஆறு எபிசோடுகள். அதில் வரும் கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் காயப்படுத்துவதையும் மறைக்காமல் காட்டுகிறார்கள்.

'ஃபால்டி டவர்ஸ்' கதையும் ஒரு விதத்தில் தம்பதிக் கதைதான். விடுதி நடத்தும் கணவனும் அவனை ஒரு பார்வையில் அடக்கும் மனைவியும் மையம். அதைச் சேர்ந்து எழுதிய ஜான் கிளீஸ், கானி பூத் இருவரும் அப்போது நிஜத்திலும் தம்பதி. முதல் ஆறு எபிசோடுகள் 1975இல் வந்தன. அடுத்த ஆறு 1979இல் வருவதற்குள் அவர்கள் மணமுறிவு பெற்றுவிட்டார்கள். ஆனாலும் சேர்ந்தே எழுதினார்கள். இரண்டாம் சீசனில் எந்தக் குறையும் தெரியாது. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் சில வசனங்கள் வேறு மாதிரி கேட்கின்றன.

பழைய தொடர்களில் சில நகைச்சுவைகள் புண்படுத்துகின்றன.

உண்மைதான். நிறத்தையும் உடலையும் கேலி செய்யும் காட்சிகள் பல தொடர்களில் உண்டு. ஒருவருக்கு வலித்தால் அந்த எபிசோடைத் தாண்டுங்கள், தொடர் முழுவதும் அப்படி என்றால் நிறுத்துங்கள்.

சரி, பெயர் சொல்லுங்கள். இன்றிரவு எதைத் தொடங்குவது?

சேர்ந்து பார்த்துப் பழக்கமே இல்லை என்றால் சிறியதாகத் தொடங்குங்கள். 'ஃபால்டி டவர்ஸ்' மொத்தமே 12 எபிசோடுகள். 'டெரி கேர்ள்ஸ்' 19. 1990களின் வட அயர்லாந்தில், வன்முறையின் நிழலில் பள்ளிக்குப் போகும் நான்கு பெண்களும் ஒரு பையனும். சிரித்துக்கொண்டே இருக்கும்போது சட்டென்று தொண்டை அடைக்கும்.

நீண்ட துணை வேண்டும் என்றால் என் முதல் பரிந்துரை 'ஷிட்ஸ் கிரீக்'. கனடாவின் தொடர், 2015 முதல் 2020 வரை, 80 எபிசோடுகள். செல்வம் அனைத்தையும் இழந்த ஒரு குடும்பம், எப்போதோ விளையாட்டாக வாங்கிப்போட்ட சிற்றூருக்குக் குடிபோக நேர்கிறது. முதலில் எவரையும் பிடிக்காது, அத்தனை பேரும் சுயநலக்காரர்கள். மூன்றாம் சீசன் வரும்போது அவர்களில் யாருக்கும் ஒரு துன்பம் வந்துவிடக் கூடாதே என்று நினைப்பீர்கள். 2020 எம்மி விருதுகளில் நகைச்சுவைப் பிரிவின் ஏழு முக்கிய விருதுகளையும் அது அள்ளியது.

இந்தியில் 'பஞ்சாயத்'. 2020இல் தொடங்கியது. ஊராட்சி அலுவலகத்துக்கு மனமில்லாமல் வேலைக்கு வரும் ஒரு பட்டதாரி இளைஞனின் கதை. அவசரமே இல்லாத நகைச்சுவை. இதன் தமிழ் வடிவம் 2024இல் 'தலைவெட்டியான் பாளையம்' என்ற பெயரில் வந்தது.

பிடித்த தொடர் முடிந்துவிட்டது. அதைப் போலவே இன்னொன்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கதைக்களத்தை வைத்துத் தேடாதீர்கள். அலுவலகத் தொடர் பிடித்தது என்பதற்காக எல்லா அலுவலகத் தொடரும் பிடிக்காது. எழுதியவரைப் பின்தொடருங்கள். அமெரிக்க 'தி ஆஃபீஸ்' எழுத்தாளர்களில் ஒருவரான மைக்கேல் ஷூர், பின்னர் கிரெக் டேனியல்ஸுடன் சேர்ந்து 'பார்க்ஸ் அண்ட் ரிக்ரியேஷன்' உருவாக்கினார். டான் கூருடன் 'புரூக்ளின் நைன்-நைன்'. தனியாக 'தி குட் பிளேஸ்'. ஒன்று அலுவலகம், ஒன்று நகராட்சி, ஒன்று காவல் நிலையம், ஒன்று மறுவுலகம். ஆனால் நான்கிலும் ஒரே மனம் வேலை செய்வது தெரியும். இந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டே எங்களுக்குச் சில வருடங்கள் ஓடின.

அடுத்ததைத் தொடங்க ஒரு வாரம் விடுங்கள். முடிந்த தொடரின் மனிதர்கள் மனதில் இருக்கும்போது புதியவர்களை அறிமுகம் செய்தால், பாவம், அவர்கள் மேல் நியாயமில்லாத வெறுப்பு வரும். நாங்கள் இப்போது 'டெரி கேர்ள்ஸ்' இரண்டாம் முறை பார்க்கிறோம், இன்னும் இரண்டு எபிசோடுகள் இருக்கின்றன. குளிர்சாதனப் பெட்டியின் தாளில் பதினொரு பெயர்கள் சேர்ந்துவிட்டன. இந்த முறை மூன்று பெயர் சொல்ல வேண்டியது நான்.